அக்கம்பக்கத்துச் சொற்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று கண்ணாடிக் கடைக்கு வந்த ஒரு பெரியவர் எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்தார். கண் சுருங்கியிருந்த விதத்தைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. பலகையின் மறுபக்கத்தைத் திருப்பினேன். மனிதர் மூன்றாவது வரியிலேயே மாட்டிக்கொண்டார். "வெளிய உக்காந்திருந்தப்ப மனப்பாடம் பண்ணிட்டேன் தம்பி. கண்ணாடி போட்டா வயசு தெரியுமேன்னு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பார்வை சோதிக்கும் வேலையில் சேர்ந்து பதினேழு வருடம், இப்படி நிறையப் பேரைப் பார்த்தாகிவிட்டது.

தினமும் நாலு வரியாவது எழுதச் சொல்லித் தமிழ் வகுப்பு டீச்சர் உத்தரவு. "நான் பார்க்க மாட்டேன், உங்களுக்காக எழுதுங்க" என்றார். டீச்சருக்கு இருபத்தாறு வயது இருக்கும். எனக்கு நாற்பத்து மூன்று. வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் படித்தது வேறு மொழி. எழுத்துகளையே இரண்டு வருடத்துக்கு முன்புதான் கற்றுக்கொண்டேன். எழுதுவது அவ்வளவு கஷ்டமில்லை. எழுதும்போது எனக்குத் தெரிந்த சொற்கள் மட்டும் வருகின்றன. படிக்கும்போதுதான் அடுத்தவருக்குத் தெரிந்த சொற்களெல்லாம் வந்து நிற்கின்றன.

மார்ச் 6, வியாழன்

'அகவை அறுபது' — ஓர் அழைப்பிதழில். யாரையும் கேட்கவில்லை. அறுபது என்று இருக்கிறது, பெரியவர் படம் இருக்கிறது, அப்படியென்றால் வயது! சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 8, சனி

நூலக மாடியில் வகுப்பு. ஐந்து பேர்தான், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். டீச்சர் இன்று தெரியாத சொல்லை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார். "தெரியாத வார்த்தை வந்தா அங்கேயே நின்னுடாதீங்க. முன்னாடி என்ன இருக்கு, பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க. அக்கம்பக்கத்துல இருக்கற வார்த்தைங்களே ஆளைக் காட்டிக்கொடுத்துடும்."

'நெடுந்தூரம் நடந்த களைப்பில் அவன் கண்ணயர்ந்தான்.' கண்ணயர்ந்தான் — தூங்கினான். முதலில் சொன்னது நான். 'வந்தவரை முகமலர்ந்து வரவேற்றாள்.' அதையும் நான். பக்கத்து நாற்காலியில் இருந்த தையல்காரர், "உங்களுக்கு எல்லாம் தெரியுதே, ஏன் வர்றீங்க?" என்றார். வீடு வரும்வரை அந்தப் பேச்சையே அசைபோட்டுக்கொண்டு வந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். "இனிமே எதுவா இருந்தாலும் படிச்சுடுவேன்." "நிஜமாவா?" என்றாள். சந்தோஷப்பட்டாள். அவள் வீட்டில் எல்லோரும் தமிழில் ஊறியவர்கள். அவள் அண்ணன், அதாவது பெரியப்பா மகன், ஒரு நாளிதழில் பிழை திருத்துகிறவர். குடும்பக் குரூப்பில் ஒரு வரி போட்டால்கூட அச்சில் வந்ததுபோல இருக்கும். கல்யாணப் பேச்சின்போது அவர் கேட்டார், "மாப்பிள்ளைக்குத் தமிழ் படிக்க வருமா?" "நல்லா வரும்" என்றேன். பதினான்கு வருடமாக அந்தப் பொய்யைக் கட்டிக் காத்து வருகிறேன். இப்போதுதான் அது மெல்ல உண்மையாகிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

பெரியப்பாவுக்கு நேற்றுக் குடலில் அடைப்பு என்று அவசர அறுவை சிகிச்சை. மச்சான் குரூப்பில் எழுதியிருந்தார். இரண்டு முறை படித்தேன், முழுதும் புரிந்தது.

இவளுக்கு மூன்று வயதில் அப்பா போய்விட்டார். வளர்த்தது பெரியப்பாதான். நேற்று இரவு முழுக்கப் புரண்டுகொண்டே இருந்தாள். "சனிக்கிழமை போயிடலாம்" என்றேன். அந்த ஊருக்கு நாலு மணி நேரப் பயணம்.

மார்ச் 12, புதன்

மச்சான்: 'இன்னும் வாயு பிரியவில்லை. மலம் கழிந்தால்தான் குடல் இயங்குகிறது என்று பொருள் என்கிறார் மருத்துவர். காத்திருக்கிறோம்.'

ஒரு மனிதருக்கு வயிறு கழிய வேண்டும் என்று இத்தனை பேர் போனைப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டிருக்கிறோம்.

மார்ச் 13, வியாழன் (கடையில், மதியம்)

நல்ல செய்தி! காலையில் மச்சான் போட்டிருந்தார்: 'அப்பா இன்று காலை இயற்கை எய்தினார்.'

முதலில் நின்றுவிட்டேன். பிறகு டீச்சர் சொன்னதுபோல அக்கம்பக்கம் பார்த்தேன். மூன்று நாளாக எதற்குக் காத்திருந்தோம்? இயற்கை உபாதை என்று பஸ் நிலையத்தில் எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன். அம்பு எய்தான் என்றால் விட்டான். அப்படியென்றால் — போய்விட்டது! பிழை திருத்துகிறவர் இதைக்கூட எவ்வளவு நாகரிகமாக எழுதுகிறார் என்று ரசித்தேன். உடனே பதில் போட்டேன். 'அப்பாடா! மிகவும் நல்ல செய்தி. இனி எல்லோரும் நிம்மதியாக இருக்கலாம்.' கட்டைவிரல் படம் ஒன்றும்.

இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை, அறுபது பேர். போனை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன். இவள் வேலை செய்யும் மருந்துத் தொழிற்சாலையில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாப்பாட்டு நேரத்தில் அங்குள்ள போனிலிருந்து கடை எண்ணுக்குக் கூப்பிட்டாள். "அண்ணன் ஏதாவது எழுதினாரா?" "வயிறு சரியாயிடுச்சாம். இனி கவலையில்ல." அவள் சிரித்த சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று! "எனக்கு என்னவோ மனசு கேக்கல, அரை நாள் லீவு சொல்லிட்டு இப்பவே போயிட்டு வரட்டுமா?" என்றாள். "எதுக்கு அலையற? அதான் சரியாயிடுச்சே. சனிக்கிழமை நிதானமா போலாம்."

பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். மீதி இரவு எழுதுகிறேன்.

மார்ச் 14, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. இருக்கிறது. முடியவில்லை.

மார்ச் 15, சனி

வகுப்புக்குப் போகவில்லை. எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

வியாழன் மூன்று மணிக்கு வேலை முடிந்து இவள் வாசலில் போனை வாங்கியிருக்கிறாள். கடைக்குக் கூப்பிட்டாள். அழவில்லை. "பெரியப்பா செத்துப்போயிட்டாரு. காலைலயே. நீங்க என்னங்க சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். டிராயரைத் திறந்தால் போனில் வரிசையாக இரங்கல். என் பதிலுக்குப் பத்து நிமிடம் கழித்து மச்சானின் அடுத்த செய்தி: 'அடக்கம் மாலை ஐந்து மணிக்கு.' நடுவில் என் கட்டைவிரல்.

மதியமே கிளம்பியிருந்தால் அவள் போய்ச் சேர்ந்திருப்பாள். கேட்டாளே. போகட்டுமா என்று கேட்டாளே!

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம். ஏதோ ஓர் ஊரில் நின்றபோது, "அண்ணன் என்ன எழுதியிருந்தாருன்னு அப்படியே படிச்சுக் காட்டியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்ல" என்றாள். ஆமாம். அந்த ஒரு வரியை அப்படியே போனில் சொல்லியிருந்தால் போதும். நான் அர்த்தம் சொன்னேன். எனக்குப் புரிந்துவிட்டது என்று காட்டிக்கொள்ள வேண்டும் அல்லவா!

போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். தரை ஈரமாக இருந்தது. பெரியப்பாவின் கட்டில் சுவரோரம் சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தது. இவள் அதன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இதுவரை நடந்தது அறியாமை. இதற்குப் பிறகு நான் செய்ததுதான்—

மச்சான் என்னை வாசலுக்கு அழைத்தார். கண் சிவந்திருந்தது. "எங்கப்பா செத்தது உங்களுக்கு நல்ல செய்தியா மாப்ள? உங்க பதிலப் பார்த்த பிறகு உங்களக் கூப்பிட எனக்கு வாய் வரல." அப்போதாவது சொல்லியிருக்கலாம். 'எனக்குப் புரியவில்லை மச்சான்' — மூன்றே சொல். நான் சொன்னது: "ஐயோ, அது கடை குரூப்புக்குப் போட வேண்டியது. கை தவறிடுச்சு." அவர் என்னையே பார்த்தார். "அப்ப ஏன் இவ்ளோ நேரம் கழிச்சு வர்றீங்க?" "அவளுக்கு லீவு கிடைக்கல மச்சான்."

திரும்பினால் அவள் கதவருகில் நிற்கிறாள். கேட்டிருக்கிறாள். உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 18, செவ்வாய்

வேலைக்குப் போகிறாள், வருகிறாள். "சாப்பாடு மேசை மேல இருக்கு." "கேஸ் தீரப் போகுது." அவ்வளவுதான். சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் படுக்கையில் ஓர் ஆள் படுக்கும் இடம்.

மார்ச் 20, வியாழன்

ஒரு வாரம். ஒரு வாடிக்கையாளருக்கு இடது லென்ஸை வலது பக்கம் எழுதிவிட்டேன். முதலாளி திட்டினார். திட்டு வாங்கியது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இது என்ன புத்தி?

மார்ச் 22, சனி

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் கேட்டேன். யாருக்கோ நடந்ததுபோலத்தான் கேட்டேன். 'இயற்கை எய்தினார்'னா என்ன டீச்சர்?

"காலமானார். எய்தார்னா விட்டார், எய்தினார்னா அடைஞ்சார். ஒரு எழுத்துதான் வித்தியாசம்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "யாராவது தப்பாப் படிச்சுட்டாங்களா?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் இல்லை, பாதியை. டீச்சர் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றுமே இல்லை. "நான்தான் அக்கம்பக்கம் பார்க்கச் சொன்னேன்" என்றார். எனக்குப் பாவமாகிவிட்டது. "இல்ல டீச்சர், பார்த்தேன். எல்லாமே பொருந்துச்சு." "முன்னாடி இருந்ததப் பார்த்தீங்க. பின்னாடி என்ன வருதுன்னு பார்க்கலியே. அதுக்குள்ள பதில் போட்டுட்டீங்க." கொஞ்சம் தயங்கி, "ஊகிச்சா ஊகிச்சதுன்னு தெரியணும் சார். அது மனசுக்குள்ள தெரிஞ்சதா மாறிடக் கூடாது" என்றார்.

அதுதான். எனக்கு வேண்டிய அர்த்தம் கண்ணில் பட்டது, எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

பெரியம்மாவைப் பார்க்கப் போனோம். இவள்தான் போக வேண்டும் என்றாள், நானும் ஒட்டிக்கொண்டேன். இவளுடைய சித்தியும் வந்திருந்தார். இவள் அடுப்படியில் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருக்க, சித்தி கூடத்தில் உட்கார்ந்து காதில் விழும்படி சொன்னார்: "வளர்த்தவரு போய்ட்டாருன்னு தெரிஞ்சும் ஷிப்ட முடிச்சுட்டுத்தான் வரணுமா? ஒரு நாள் சம்பளம் போனா என்ன குடி முழுகிடும்? முகத்தக்கூடப் பார்க்கல."

தம்ளர் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

நான் அங்கேதான் இருந்தேன். மூன்றடி தூரத்தில். கையில் இருந்த பழைய பத்திரிகையைப் படிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தேன். படிப்பதுபோல!

திரும்பும் வழியில், "ஏன் நீ எதுவும் சொல்லல?" என்று கேட்டேன். "நான் சொன்னா உங்க மானம் போயிடுமே" என்றாள். கோபமே இல்லாமல். அதை எப்படித் தாங்குவது?

மார்ச் 24, திங்கள்

என் மானம் என்ன விலை? அவள் எத்தனை நாளைக்கு அதைச் சுமப்பாள்?

மார்ச் 30, ஞாயிறு

மறுபடியும் போனோம். இன்று நான்தான் போகலாம் என்றேன். பஸ்ஸில் நாலு மணி நேரமும் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்தது எல்லாம் வீட்டு வாசலில் மறந்துபோயிற்று.

கூடத்தில் பெரியம்மா, மச்சான், சித்தி. சித்தி ஆரம்பித்தார், "இன்னைக்காவது லீவு கிடைச்சுதா?" இவள் தலையைக் குனிந்தாள்.

"அவளுக்கு அன்னைக்கு எதுவும் தெரியாது" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. "மதியம் போன் பண்ணிக் கேட்டா. இப்பவே கிளம்பட்டுமான்னுகூடக் கேட்டா. நான்தான் வேணாம்னு சொன்னேன். லீவு கிடைக்கலன்னு சொன்னது பொய். கை தவறிடுச்சுன்னு சொன்னதும் பொய்."

மச்சான், "அப்ப தெரிஞ்சேதான் எழுதினீங்களா?" என்று எழுந்துவிட்டார்.

"எனக்குத் தமிழ் சரியாப் படிக்கத் தெரியாது மச்சான். ரெண்டு வருஷமாத்தான் கத்துக்கறேன். இயற்கை எய்தினார்னா என்னன்னு தெரியல. நான்..." பெரியவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? காது சுட்டது. "அவருக்கு வயிறு போயிடுச்சுன்னு நினைச்சேன்."

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, அருவருப்பா — தெரியவில்லை. மச்சான் என்னைத் தாண்டி வெளியே போய்விட்டார். கதவு படாரென்று அடித்தது. உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். வயது நாற்பத்து மூன்று.

பெரியம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அது போகவே இல்லப்பா" என்றார். "கடைசி வரைக்கும் அதத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு. இன்னும் வரலியே, இன்னும் வரலியேன்னு. அது மட்டும் போயிருந்தா மனுஷன் இருந்திருப்பாரு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ நினைச்ச மாதிரியே நடந்திருக்கலாம்."

"மன்னிச்சிடுங்க அத்தை" என்றேன். அவர் இவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நீ ஏன்டி வாயைத் திறக்கல?" என்று அவளைத்தான் கேட்டார். அப்போதுதான் அவள் அழுதாள். பதினேழு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை. நான் வாசலுக்குப் போய்ச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 2, புதன்

குரூப்பில் சித்தியின் பிள்ளைகள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள் — 'இயற்கை மாப்பிள்ளை'. இவள் சொல்லவில்லை, நானே படித்தேன். இதற்கு அக்கம்பக்கம் பார்க்கத் தேவைப்படவில்லை.

மச்சான் இன்னும் என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஏப்ரல் 5, சனி

வகுப்பில் 'ஏளனம்' என்ற சொல் வந்தது. தையல்காரர் என்னைப் பார்த்தார், நான் சொல்வேன் என்று. தெரியாது என்றேன். உண்மையில் ஓரளவு ஊகித்திருந்தேன். ஓரளவுதான். அகராதியைப் புரட்டினோம். ஊகம் சரி. முன்பு என்றால் மார்தட்டியிருப்பேன்.

ஏப்ரல் 9, புதன்

இன்று இவளாகவே கேட்டாள், "வரும்போது துணி சோப்பு வாங்கிட்டு வர்றீங்களா?" சோப்புதான். ஆனாலும்.

ஏப்ரல் 12, சனி

பெரியப்பாவின் படங்களைச் சேர்த்து மச்சான் ஒரு சிறு புத்தகம் போடுகிறார். ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். காலையில் நான் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது இவள் போனை நீட்டினாள். "எழுதிட்டேன். தப்பு எதுவும் இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க."

"நானா?"

"படிங்க."

சத்தமாகப் படித்தேன். 'மழை நாளில் பள்ளிக்கூட வாசலில் பெரியப்பா நிற்பார். குடையை என் கையில் கொடுத்துவிடுவார். வழியெல்லாம் உப்புமூட்டை. வீட்டுக்கு வந்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இந்த வயதில் இது தேவையா என்று பெரியம்மா திட்டுவார்.'

நின்றேன். உப்பு தெரியும், மூட்டை தெரியும். முதுகு வலி, வயது, பெரியம்மாவின் திட்டு. செய்த வேலை போதாமல் மனிதர் மழையில் உப்பு மூட்டை வேறு சுமந்து கூலி வாங்கியிருக்கிறார், இவளைப் படிக்க வைக்க. எல்லாம் பொருந்தியது. 'பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கார்' என்று வாய்வரை வந்துவிட்டது.

"உப்புமூட்டைன்னா என்ன?" என்று கேட்டேன்.

என்னை உற்றுப் பார்த்தாள். "நிஜமாத் தெரியாதா?"

"தெரியாது."

"சின்ன வயசுல உங்கள யாரும் தூக்கினதே இல்லையா?"

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அதையும் சொன்னேன். அவள் போனை வாங்கி மேசைமேல் வைத்தாள். "திரும்புங்க."

"எதுக்கு?"

"திரும்பிக் குனிங்களேன்."

கடைச் சட்டையோடு, கையில் வகுப்புப் பையோடு குனிந்தேன். பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றிக் கை வந்தது. ஒரு குதி. சுதாரித்துக் கால்களைப் பிடித்துக்கொண்டேன், பை கீழே விழுந்தது. "இதுதான்" என்றாள், காதுக்குப் பக்கத்தில்.

கூடத்தில் நடந்தேன். ஜன்னல்வரை, பிறகு அடுப்படிவரை. கொஞ்ச நேரத்தில் சட்டைக் காலர் நனைந்தது. இறக்கிவிடட்டுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

"பெரியப்பா இன்னும் வேகமாப் போவாரு" என்றாள்.

வேகமாகப் போனேன். வகுப்புக்குப் போகவில்லை.